நான்கு செக்கன் பிந்தி வந்த ஓம்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளையை நிச்சயம் செய்தது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. நான்தான். அதுவும் அந்த மாப்பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல், மாங்குளத்தில் எங்கள் வீட்டு யன்னலோரத்தில் நின்றபடி, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியின் உதவியோடு. அக்கா அப்போது வேறொருவரைக் கலியாணம் செய்வதற்காகக் குசினியில் நின்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நோக்கம் என்னவோ நல்லதுதான். வெளிநாட்டு ரெலிபோன் செலவை மிச்சம் பிடிப்பது.

வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்த காலம். எதைக் கண்டாலும் அதை இன்னும் நல்லாக்கலாம் என்று தோன்றுகிற வியாதி எனக்கு. (இப்பவும் இருக்கு. மருந்து கிடைக்கேல்லை.) அம்மாவின் தையல் மெஷினுக்கு நானே ஒரு மோட்டார் பூட்டினேன். அது அம்மாவின் சட்டைக் கையை மூடித் தைத்துவிட்டுத்தான் நின்றது. கோழிக்கூட்டுக்கு அசைவைக் கண்டு எரிகிற லைற் போட்டேன். ஒரு கோழி செட்டையை அசைக்க லைற் எரியும், லைற் எரிய மற்றக் கோழிகள் எழும்பும், அவை எழும்ப லைற் இன்னும் எரியும். ஒரு கிழமையாக முட்டை இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் வீட்டார் என்னை நம்பினார்கள் என்றால், பிழை முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியாது.

இனிப் பெரியப்பா. அப்பாவின் ஒரேயொரு அண்ணன், ரொறன்ரோவில் இருக்கிறார். அப்பாவுக்குப் பத்து வயதில் தகப்பன் இல்லாமல் போய்விட, பள்ளிக்கூடம் அனுப்பி, வன்னிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, இந்த வயல்காணியில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். அதனால் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அப்பா சொல்வது ஒரே வசனம்: "அண்ணையிட்டை ஒரு சொல் கேட்டுப்போட்டு முடிப்பம்." பசுமாடு வாங்கினாலும் அப்படித்தான்.

பெரியப்பா கைத்தொலைபேசிக்கு எதிரி. மகன் வாங்கிக் கொடுத்த போனில் வட்ஸ்அப் எடுத்தால் எங்களுக்கு அவருடைய வீட்டு முகடுதான் தெரியும், பத்து நிமிடமும் முகட்டோடுதான் கதைக்க வேண்டும். அப்பாவுக்கும் அது பிடிக்காது. "நல்லது கெட்டதை மூஞ்சியைப் பாத்துக்கொண்டு கதைக்கேலாது" என்பார். ஆகவே பெரியப்பா வீட்டு ரெலிபோனில், கடையில் வாங்கிய போன் காட் அட்டையைச் சுரண்டி, அதிலிருக்கிற நீள நம்பரை அழுத்தி, பிறகு எங்கள் நம்பரை அழுத்தி எடுப்பார். காட் முடியமுதல் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதால் அவர் கதைப்பது கதை மாதிரி இருக்காது, வாய்க்கால் உடைத்தது மாதிரி இருக்கும். இடையில் மூன்று செக்கன் சத்தம் இல்லையென்றால் அவருக்குப் பொறுக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

அப்பாவின் வேலை ஓம் போடுவது, மற்ற ஊர்க்காரர் ஆமாம் போடுவது மாதிரி. அப்பாவிடம் பலவகை ஓம்கள் இருந்தன. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓம். சரி என்கிற ஓம். விளங்கவில்லை, ஆனாலும் நீங்கள் மூத்தவர் என்கிற ஓம். இருபது வருடமாக அந்தச் சகோதரர்களின் உறவு அந்த ஒரு சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தன் அண்ணனுக்கு "இல்லை" என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்தது. ரவுட்டரை யன்னலில் வைத்தால் சந்திப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து நல்ல சிக்னல். நான் சும்மா இருப்பேனா? வீட்டு ரெலிபோனை ஒரு சின்னப் பெட்டியில் கொழுவி, அந்தப் பெட்டியை ரவுட்டரில் கொழுவினால், இணையத்துக்குள்ளாலேயே போன் கதைக்கலாம் என்று வாசித்தேன். அதைவிடப் பெரிய விசயம், அந்தப் பெட்டிக்குக் கனடா நம்பரே எடுக்கலாம். பெரியப்பாவைப் பொறுத்தவரை மாங்குளம் பக்கத்துத் தெரு ஆகிவிடும். காட் வேண்டாம், சுரண்ட வேண்டாம், நாள் முழுக்கக் கதைக்கலாம்.

பெரியப்பாவின் மகன் அந்தப் பெட்டியை ஊருக்கு வந்த ஒருவரிடம் சொக்லேற் பைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினார். வவுனியாவில் பழைய சாமான் கடையில் ஒரு மேசை ரெலிபோன் வாங்கினேன். பூட்டினேன். மணி அடித்தது. அம்மா பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டா.

ஒரே ஒரு குறை. குரல் துண்டு துண்டாக வந்தது. சுகமா என்பது "சு... ஆ" என்று கேட்டது. பெட்டியின் உள்ளமைப்பைத் துருவினேன். வருகிற குரலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, பிறகு காதுக்கு விடுகிற ஒரு வசதி அதில் இருந்தது. எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று நாங்களே போடலாம். அறிவுள்ளவர்கள் சின்ன எண்ணாகப் போடுவார்கள். நான் அதில் இருந்ததிலேயே பெரிய எண்ணைப் போட்டேன். பிறகு, பெரியப்பாவின் மகன் பதிவுசெய்து விட்டிருந்த குரல் செய்தியைக் கேட்டுப் பரிசோதித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

பதிவுசெய்த செய்தி நான்கு செக்கன் பிந்தி வந்தால் யாருக்குத் தெரியும்?

இனி அக்கா. சுகி அக்கா புளியங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். பிரதீபன் அண்ணா அதே பக்கத்தில் விவசாயப் போதனாசிரியர். இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். பிறகு ஒருநாள், தூரத்து உறவுக்காரர் ஒருவர் தற்செயலாக அந்தப் பெடியனின் சாதகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். (தற்செயல் என்றுதான் எல்லாரும் சொன்னோம். அந்த உறவுக்காரருக்குப் பஸ் காசு குடுத்து அனுப்பினது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.) அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அது பேசிச் செய்கிற கலியாணம்.

சாதகம் பொருந்தியது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அண்ணையிட்டை ஒரு சொல்.

அதைத்தான் என் புதுப் போனில் கேட்பது என்று முடிவானது.

சனிக்கிழமை காலை ஆறரை. கனடாவில் வெள்ளி இரவு ஒன்பது. அப்பா வயலுக்குப் போகவில்லை. குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட் போட்டு ரெலிபோனுக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அக்கா குசினிக்குள் புட்டுக்கு மாக் குழைத்தாள். அரை மணித்தியாலமாக அதே மாவைத்தான் குழைத்தாள். அம்மா குசினிக்கும் முன் அறைக்கும் நடுவில் நின்றா. நான் யன்னலோரத்தில், ரவுட்டரில் கை வைத்தபடி, விமானம் ஓட்டுகிறவள் மாதிரி நின்றேன்.

மணி அடித்தது. பெரியப்பாவின் குரல் ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. கத்திக் கதைத்தே பழகியவர். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் தெளிவாக விழுந்தது.

"தம்பி, நீ சொன்னியே, அந்தப் புளியங்குளத்துப் பெடியன். பிள்ளைக்கு விருப்பமோ?"

"ஓம் அண்ணை."

"ஆக்கள் எப்பிடி? விசாரிச்சனியோ?"

"ஓம் அண்ணை, நல்ல ஆக்கள்."

"இஞ்சை என்ரை சிநேகிதன்ரை மகனொண்டும் இருக்குது. உன்னை வற்புறுத்தேல்லை. அதைப் பாப்பமோ?"

அப்பா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, என் வாழ்நாளில் முதற்தடவையாக, தன் அண்ணனுக்குச் சொன்னார்.

"இல்லை அண்ணை, வேண்டாம்."

"அப்ப உந்தப் புளியங்குளத்துப் பெடியன் வேணுமோ?"

"ஓம் அண்ணை, அதையே முடிப்பம்."

"அப்ப நான் பெடியன்ரை ஆக்களோடை கதைக்கட்டோ?"

"ஓம் அண்ணை, நீங்கள் கதைச்சாச் சரி."

பெரியப்பா சிரித்தார். சந்தோசம் தம்பி, சந்தோசம் என்று நாலு தடவை சொன்னார். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். "சரியெண்டிட்டார்" என்றார். குசினிக்குள் மாச்சட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"கவனிச்சனீங்களே அப்பா, ஒரு சொல்லும் உடையேல்லை" என்றேன் நான்.

"ஓமடி பிள்ளை. பக்கத்தில இருந்து கதைச்ச மாதிரி."

அக்கா பிரதீபன் அண்ணாவுக்கு உடனே செய்தி அனுப்பியிருக்கிறாள். அவர் தாயிடம் சொல்லியிருக்கிறார். அந்த அன்ரி குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவ. முல்லைத்தீவு மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அவவின் கையில் பிறந்தவர்கள் என்று பேச்சு. சுணங்குகிற பழக்கம் இல்லாதவ. எட்டரைக்கே ஒரு ஓட்டோ எங்கள் கேற்றில் வந்து நின்றது. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பலகாரம், கையில் கட்டின பெரிய மணிக்கூடு, முகத்தில் சிரிப்பு.

"நல்ல காரியத்துக்குப் பிறகு வாறனெண்டு இருக்கப்படாது. அதுதான் உடனே வெளிக்கிட்டனான்" என்று சொல்லி ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. அம்மா பதறிக்கொண்டு நல்ல சேலை மாற்ற ஓடினா. அக்கா தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்திருக்கலாம். மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு என் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாமா?

"அன்ரி, இது கனடா கோல். ஒரு சதம் செலவில்லை. குரல் எவ்வளவு தெளிவெண்டு கேளுங்கோ" என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற பட்டனை அழுத்தினேன்.

ஒரு பெண் குரல். அறை முழுக்க நிறைந்தது.

"வணக்கம் சம்பந்தி. நான் பெடியன்ரை அம்மா கதைக்கிறன்."

கதிரையில் இருந்த அன்ரி ரெலிபோனைப் பார்த்தா. பிறகு அப்பாவைப் பார்த்தா.

"நானெல்லோ பெடியன்ரை அம்மா" என்றா.

போனுக்குள் இருந்தவ நிறுத்தவில்லை. "உங்கடை அண்ணை இப்பத்தான் சொன்னவர். நீங்கள் ஓமெண்டிட்டியளெண்டு. நித்திரையே வரேல்லை. அதுதான் நேரம் பாக்காமல் எடுத்தனான்."

அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆரக்கா?"

ஆனால் இதற்கிடையில் அந்த அம்மா அங்கே அடுத்த கேள்வியைக் கேட்டு முடித்திருக்கிறா. அது எங்களுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பிள்ளைக்குக் கூறைச்சேலை என்ன நிறத்தில எடுப்பம்?"

பின்னாலேயே அவவின் சந்தோசமும் வந்தது.

"அரக்கோ? நல்ல நிறம் சம்பந்தி. அரக்கே எடுப்பம்."

அக்கா கையில் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். காலையில் குசினிக்குள் நின்ற அவளுக்குக் கேட்டது அப்பாவின் குரல் மட்டும்தான். ஓம் அண்ணை, நல்ல ஆக்கள், அதையே முடிப்பம். இப்போது அதையெல்லாம் அவள் வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தாள். அது அவளுடைய முகத்தில் அப்படியே தெரிந்தது.

"கனடாவுக்குத்தான் ஓம் போட்டனீங்களோ அப்பா?" என்றாள். சத்தம் போடவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் பட்டனை அழுத்திப் போனை நிறுத்தினேன். அன்ரி எழும்பிவிட்டா. வாழைப்பழத்தைத் திருப்பி எடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது.

"அக்கா, இருங்கோ, ஏதோ பிழை நடந்துபோச்சு" என்று அம்மா பாதிச் சேலையோடு ஓடிவந்தா.

"பிழையொண்டுமில்லை. நல்ல இடம் வந்தால் ஆர்தான் விடுவினம்? ஆனா என்ரை பிள்ளையை உப்பிடி ரெண்டு மணித்தியாலம் மாப்பிள்ளையா வைச்சிருந்திருக்கத் தேவையில்லை" என்றா அன்ரி.

"பிள்ளையாராணை, நான் அண்ணைக்கு இல்லையெண்டுதான் சொன்னனான். முதல்தரமாச் சொன்னனான்" என்றார் அப்பா. அவருடைய குரல் உடைந்தது. இந்தத் தடவை இணையத்தின் பிழை இல்லை.

உண்மையில் அப்பா சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அப்படியானால் பெரியப்பா எப்படி... ஆரக்கா என்று அப்பா கேட்டது எப்போது? அவ கூறையைப் பற்றிக் கேட்டது எப்போது? எங்கள் வீட்டில் பதில் முதல், கேள்வி பிறகு. நான் போட்ட அந்தப் பெரிய எண் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அன்ரி, ஒரு நிமிசம். போகாதையுங்கோ. நான்தான் பிழை. இதைக் காதில வையுங்கோ" என்று சொல்லி, என் கைத்தொலைபேசியில் எங்கள் கனடா நம்பரை அழுத்தி, மணி அடித்ததும் ரிசீவரை எடுத்து அவவின் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினேன். மாங்குளத்திலிருந்து கனடாவுக்குப் போய், அங்கிருந்து மாங்குளத்துக்கு, ஐந்தடி தூரத்துக்கு.

யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கத்தினேன்: "அன்ரி, நான் இப்ப கையைத் தட்டப்போறன்." தட்டினேன். அன்ரி என் கையைப் பார்த்தா. தன் மணிக்கூட்டைப் பார்த்தா. எத்தனையோ பேரின் நாடி பார்த்த கண். காதில் ரிசீவர். வாய்க்குள் எண்ணினா.

"நாலு செக்கன்" என்றா. பிறகு, "இன்னொருக்காத் தட்டு" என்றா. தட்டினேன். "நாலுதான்."

உள்ளே வந்து கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்தேன். இடப்பக்கம் பெரியப்பா கேட்டவை. வலப்பக்கம் அப்பா சொன்னவை. பிறகு அப்பாவின் பதில்களை ஒவ்வொரு வரி கீழே இறக்கி எழுதி அன்ரியிடம் கொடுத்தேன். பெரியப்பா மூன்று செக்கனுக்கு மேல் பொறுக்கமாட்டார் என்பதையும் சொன்னேன். அன்ரி கண்ணாடியைப் போட்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல உரத்து வாசித்தா.

"பிள்ளைக்கு விருப்பமோ? பதில் இல்லை. விசாரிச்சனியோ? ஓம் அண்ணை. சிநேகிதன்ரை மகனைப் பாப்பமோ? ஓம் அண்ணை, நல்ல ஆக்கள்." நிறுத்தி மூச்சு விட்டா. "புளியங்குளத்துப் பெடியன் வேணுமோ? இல்லை அண்ணை, வேண்டாம். நான் பெடியன்ரை ஆக்களோடை கதைக்கட்டோ? ஓம் அண்ணை, அதையே முடிப்பம்."

தாளை மடித்து மடியில் வைத்தா. அவவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாவோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தா.

"பிள்ளை, நீ என்ன படிக்கிறாய்?"

"கணினி, அன்ரி."

"நல்லவேளை. டொக்ரருக்குப் படிக்கேல்லை."

ஆனால் சிரிப்பு முடிந்ததும் மறுபடி இருந்த இடத்துக்கே வந்தோம். ரொறன்ரோவில் ஒரு குடும்பம் நித்திரையில்லாமல் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கிறது. பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். காலையில் எவ்வளவோ பாடுபட்டுச் சொன்ன இல்லையை அப்பா மறுபடியும் சொல்ல வேண்டும். இந்தமுறை, ஓம் என்று சொல்லிவிட்ட பிறகு, சொல்ல வேண்டும்.

அப்பா என் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் பழைய கைத்தொலைபேசிக்குச் சந்திக் கடையில் ரீலோட் போடச் சொல்லி என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் அதே கதிரையில், அதே வெள்ளைச் சேட்டில், சொல்லப்போவதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண வெளிநாட்டு அழைப்பு. நிமிடத்துக்கு நிமிடம் காசு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அண்ணை, நான். எழுப்பிப்போட்டன், குறை நினைக்காதையுங்கோ. காலமை நான் ஓமெண்டு சொன்னது உங்கடை சிநேகிதன்ரை மகனுக்கில்லை. வேண்டாமெண்டு சொன்னதுதான் அந்த இடத்துக்கு. புளியங்குளத்துப் பெடியனைத்தான் நாங்கள் விரும்பிறம்."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். அப்பா தன் அண்ணனோடு இவ்வளவு நீளமாகக் கதைத்ததை அன்றுதான் கேட்டேன்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. இந்த லைனில் பிந்துதல் கிடையாது. பெரியப்பா உண்மையாகவே பேசாமல் இருந்தார்.

"என்னடா தம்பி, அவைக்கு நான் சொல்லிப்போட்டனே" என்றார் கடைசியில். பிறகு, "நான் பிள்ளைக்கு விருப்பமோ எண்டு முதலே கேட்டனான். நீ ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு அது இடிச்சதுதான். பிள்ளையிட்டைக் குடு."

அம்மா அறைக் கதவைத் தட்டினா. அக்கா வந்தாள். கண் சிவந்திருந்தது. வெளியில் நடந்த கைதட்டலும் வாசிப்பும் கதவுக்குப் பின்னால் அவளுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. அப்பா போனை நீட்டினார்.

"சுகி, பெரியப்பாதான். உனக்கு ஆரைப் பிள்ளை விருப்பம்? நீயே சொல்லு."

அறையில் அப்பா, அம்மா, நான், எல்லாருக்கும் மேலாக மாப்பிள்ளையின் தாய். இரண்டு வருடமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விசயம்.

"எனக்குப் பிரதீபனைத்தான் விருப்பம் பெரியப்பா. ரெண்டு வரியமா" என்றாள் அக்கா.

(அந்த ரெண்டு வரியத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பதட்டத்தில வந்திட்டுது எண்டு பிறகு சொன்னாள்.)

"பிறகென்ன. காலமை நான் அவையிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன். அது என்ரை வேலை. நீ யோசியாதை" என்றார் பெரியப்பா. "கொப்பனிட்டைக் குடு." அப்பா வாங்கியதும், "தம்பி, நீ என்னட்டை இல்லையெண்டு சொல்லுவாயெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவையோடை கதைக்கமுதல் இன்னொருக்காக் கேட்டிருப்பன்" என்றார். அப்பா பதிலுக்கு ஓம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "விளங்குது அண்ணை" என்றார்.

போனை வைத்த பிறகு அன்ரி மறுபடி கதிரையில் சாய்ந்து இருந்தா.

"ரெண்டு வரியமோ? எனக்கு ஆறு மாசமெண்டல்லோ சொன்னவன்" என்றா. "சரி, இப்ப நான்தானே பெடியன்ரை அம்மா? அந்தத் தேத்தண்ணியைத் தாங்கோ. ஆறினாலும் பரவாயில்லை."

அன்று பின்னேரமே அந்த எண்ணைக் குறைத்தேன். குரல் இடைக்கிடை கொஞ்சம் உடையும், ஆனால் உடனே வரும். அந்தப் போன் இன்றைக்கும் யன்னலோரத்தில் இருக்கிறது. பெரியப்பா காட் வாங்குவதை விட்டுவிட்டார். அக்காவும் பிரதீபன் அத்தானும் புளியங்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கனடா மாப்பிள்ளைக்கு அடுத்த வருடம் அங்கேயே கலியாணம் நடந்ததாகவும், பெண்ணுக்கு அரக்குக் கூறைதான் எடுத்ததாகவும் பெரியம்மா சொன்னா.

எங்கள் வீட்டில் மாறியது ஒன்று. வெறும் ஓம் செல்லாது. யாராவது ஓம் என்று சொன்னால், கேட்கிற எல்லாரும் ஒரே குரலில், "எதுக்கு ஓம்?" என்போம். சோறு போடட்டோ என்று அம்மா கேட்டால், ஓம், சோறு போடுங்கோ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அக்காவின் தாலிகட்டில் ஐயர் ஓம் என்று மந்திரத்தைத் தொடங்க, பின்னால் இருந்த அன்ரி மெதுவாக "எதுக்காம்?" என்று கேட்டு, மணப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்தது வீடியோவில் இருக்கிறது. வெட்கத்தில் குனிந்தாள் என்றுதான் வீடியோக்காரர் நினைத்து, அதில் நாதஸ்வரத்தைச் சேர்த்துவிட்டிருக்கிறார்.

போன மாதம் பெரியப்பா எடுத்தார். மழை, வயல், முழங்கால் நோ என்று எல்லாம் கதைத்து முடித்தபிறகு, "சின்னவளுக்கும் இனி ஒரு இடம் பாக்கட்டோ தம்பி?" என்று கேட்டார். நான் முன்னால் இருந்து மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஓம் போடவில்லை. இல்லையும் சொல்லவில்லை.

"பொறுங்கோ அண்ணை, ஆளிட்டையே குடுக்கிறன்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"என்ன பிள்ளை, பாக்கட்டோ?" என்றார் பெரியப்பா.

பெரியவரிடம் எடுத்த எடுப்பில் எப்படி மறுப்பது? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தெரிவிக்கத்தான் நினைத்தேன். பரம்பரைப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"ஓம் பெரியப்பா..."

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஒரு செக்கனும் பிந்தவில்லை.

"எதுக்கு ஓமெண்டதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைக் கதையடி."